மூங்கிலுக்கு முன்னால் நான்

என் வீட்டுக்காரர் கழக்கூட்டம் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோவேன். அங்கே கேட்டுக்குப் பக்கத்தில், மதிலோரம் ஒரு மூங்கில் புதர் நிற்கிறது. இந்த மழைக்காலத்தில் அது எனக்குச் சக்களத்தி ஆகிவிட்டது.

தொடங்கிவைத்தது மூன்றாம் மாடியில் இருக்கும் ஐடி பெண். காற்றடிக்கும்போது போனில் மெதுவாகப் படம் பிடிக்கும் வித்தையை இவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். போன் மட்டும் அசையக் கூடாதாம். அப்போது மதிலும் அடித்தண்டும் தெளிவாக விழும், ஆடுகிற இலையெல்லாம் பச்சைப் புகைபோல இழுபட்டு விழும். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அவள், "சேட்டனு நல்ல கண்ணுண்டு, கேட்டோ!" என்று அவள் பாஷையில் சொல்லிவிட்டாள்; அண்ணனுக்கு நல்ல கண் இருக்கிறதாம். அதை இவர் குழம்பு ஊற்றும்போது ஒரு தரம், பாய் விரிக்கும்போது ஒரு தரம் சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். குடியிருப்புச் செக்ரட்டரி பார்த்தால் வேலை போய்விடும், கேட் தூணின்மேல் வைக்கிற போன் விழுந்தால் உடைந்துவிடும் என்று வாய்க்கு வந்த பயத்தையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெண்ணோ பகல் முழுக்க ஆபீசில் இருப்பாள். இவர் பார்த்துக்கொண்டே நின்றது மூங்கிலைத்தான்.

கல்யாணம் ஆன புதிதில் விழிஞ்ஞம் கடற்கரையில் என்னையும் ஒரு படம் எடுத்திருக்கிறார். முந்தானை பறக்கிறது, முடி கண்ணில் விழுகிறது. "ஆடாம நில்லுட்டி!" என்று அதட்டிக்கொண்டே எடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல நின்றேன். அதற்குப் பிறகு என்னைப் படம் எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு மழை மூடிக்கொண்டு நல்ல காற்று. நான் தூக்குச்சட்டியோடு போனபோது, இவர் கேட் தூணின்மேல் போனை வைத்து, பின்னால் செங்கல் துண்டை முட்டுக்கொடுத்துவிட்டு மூங்கிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோறு ஆறுது, கேட்டியளா?"

"பொறுட்டி. இப்ப ஒரு காத்து வரும்."

அந்தக் குரலில் இருந்த பொறுமையைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு மூங்கிலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்னையும் எடுங்க."

"செரி, ஆடாம நில்லு."

"மூங்கிலுட்ட இப்பிடிச் சொல்லுவியளா?"

இவர் என்னையும் மூங்கிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "அப்ப நீயும் ஆடு" என்றார்.

எனக்கு ஆடத் தெரியவில்லை. காற்று வந்தது. பின்னால் புதர் முழுக்கச் சாய்ந்து நிமிர்ந்தது. நான் கையை ஒட்டிவைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பழையபடி ரேஷன் கார்டுக்கு நின்றேன்.

இவர் போனை எடுத்து இரண்டு விரலால் பெரிதாக்கினார். விரல் எங்கே போகிறது என்றுதான் நான் பார்த்தேன். நேராக இலைக்குப் போனது.

"எலை நல்லா வந்திருக்கு, பாத்தியா."

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. போனை என் கையில் திணித்துவிட்டு கேட்டைத் திறக்க ஓடினார். அதில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான். படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, ஓர் இலைகூட உள்ளே வராமல் என் முகத்தை மட்டும் நிறுத்தி, போனைத் தொட்டதும் முதலில் தெரிகிற இடத்தில் வைத்தேன்.

இவர் வந்து மணி பார்க்கப் போனைத் தொட்டார். பார்த்தபடியே நின்றார்.

"கொள்ளாமே, நல்லாருக்கே!" என்றார். அடுத்த நொடியே, "மூங்கில் எங்கட்டி?"

"அங்கனதான நிக்குது? போய்ப் பாருங்க."

படத்தை இவர் இன்னும் மாற்றவில்லை. தினமும் சோறு வைத்ததும், மணி என்ன என்று கேட்டுப் போனை வாங்கிப் பார்த்துக்கொள்கிறேன்.