கனகாம்பிகையின் சவுரி

கனகாம்பிகை தன் புருஷனின் தலைமயிரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். வல்வெட்டித்துறையில் அடுத்தவள் நகையைப் பார்த்தும் கல்வீட்டைப் பார்த்தும் வயிறெரிந்த பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கட்டினவனின் கொண்டையைப் பார்த்து வயிறெரிந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். அதை அவள் ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் சிரித்திருப்பார்கள்.

அவள் புருஷன் தில்லைநாதன் பகலில் துறையடியில் கயிறும் தாரும் விற்கும் கடையில் நின்றான். கோயில் திருவிழாக்கள் தொடங்கினால் நாடகக்காரன். அந்த நாளில் பெண்கள் மேடையேறுவதில்லை. பெண்வேடத்தையும் ஆண்கள்தான் கட்டினார்கள். மற்றவர்கள் நார்முடியை மாட்டிக்கொண்டு ஆட, இவன் மட்டும் சொந்த மயிரோடு ஆடினான். நாட்டை இழந்த இராணி நடுக்காட்டில் நின்று கொண்டையை அவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. அவிழ்த்தால் மயிர் அலை அலையாக இறங்கி இடுப்புக்குக் கீழே போய் நிற்கும். பாட்டு அதற்குப் பிறகுதான். சனம் பாட்டு வரைக்கும் காத்திருக்காமல் அழத் தொடங்கிவிடும்.

கனகாம்பிகைக்கும் ஒருகாலம் நல்ல மயிர் இருந்தது. குமரியாகிக் கொஞ்ச நாளில் நெருப்புக்காய்ச்சல் வந்து படுத்தாள். எழும்பியபோது மயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டிப்போயிருந்தது. பிறகு முளைத்தது வேறு மயிர். தேங்காய்த் தும்பு மாதிரி வறண்டது. சீப்பு வைத்தால் நடுவில் அறும். காற்றடித்தால் அறும் என்று வீட்டில் பகிடி பண்ணினார்கள். என்ன செய்தும் தோளைத் தாண்டவில்லை. தில்லைநாதன் சொந்த மாமியின் மகன் என்றபடியால் தலையைப் பார்த்து ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஐம்பத்தாறாம் ஆண்டு கலியாணம் நடந்தது. சடங்கின் ஆரவாரம் அடங்கிய கையோடு அவன் எண்ணெய்க் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு, பலகையை இழுத்துப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான்.

"இவ்வளவு நாளும் அம்மா பாத்தவ. இனி நீதான் பாக்கவேணும்."

அன்றைக்குத்தான் அவள் அந்தக் கொண்டையைத் தன் கையால் முதன்முதலில் அவிழ்த்தாள். கை கொள்ளவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. எண்ணெய் பட்டுக் கண் எரிகிறது என்றாள்.

கிணற்றடியில் இன்னும் மோசம். பெண்கள் அவளைச் சுற்றி நின்று விசாரிப்பார்கள். அவளைப் பற்றியல்ல. பக்கத்து வளவு இரத்தினம்மா ஒருநாள், தில்லைநாதன் தலைக்கு என்ன எண்ணெய் காய்ச்சுகிறாய் என்று கேட்டாள். தேங்காயெண்ணெயில் செவ்வரத்தம்பூவும் கையாந்தகரையும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சுவதாக இவள் சொன்னாள்.

"அதிலை கொஞ்சம் உன்ரை தலைக்கும் வைச்சாலென்ன, பிள்ளை?" என்றாள் இரத்தினம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். இவளும் சேர்ந்து சிரித்தாள். வைக்காமலா இருந்தாள்? அதே எண்ணெய், அதே கிண்ணம். அவன் தலையில் பூத்தது, இவள் தலையில் அறுந்தது.

அன்று வீட்டுக்கு வந்து அவன் தலையை வாரியபோது கையில் ஆத்திரம் ஏறியிருந்தது. பேன் சீப்பை எடுத்து உச்சியில் வைத்து ஒரே இழுவையாகக் கீழே இழுத்தாள். சிக்கில் அகப்பட்ட மயிர் படபடவென்று அறுந்தது. அவன் "மெதுவாய்" என்றான். மயிர் அறுந்த சத்தம் அவளுக்கு இனித்தது. சீப்போடு வந்ததை உருட்டி முந்தானையில் முடிந்துகொண்டு அடுப்படிக்குப் போய் விரித்துப் பார்த்தாள். அறுந்ததெல்லாம் சாண் அளவுத் துண்டுகள். ஒன்றுக்கும் உதவாத குப்பை. நடுவில் சில மயிர்கள் மட்டும் முழு நீளத்துக்குக் கிடந்தன. அவற்றின் ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்ன விதைபோல வேர் இருந்தது. அவை அறுந்தவை அல்ல. காலம் முடிந்து தாமாக விழுந்தவை.

அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. சொந்த மயிர் போதாதவர்கள் பின்னலுக்குள் சேர்த்துக்கொள்ளும் சவுரியைப் பற்றி அவளுக்குத் தெரியும். சந்தையில் வருவது யார் தலையிலிருந்து வருகிறதோ, முரட்டு மயிர். இங்கே வீட்டுக்குள்ளேயே நல்ல மயிர் விழுகிறது. ஆனால் சவுரிக்கு முழு மயிர் வேண்டும். அறுந்த மயிரில் சவுரி கட்ட முடியாது. அவன் தலையில் ஒன்றுகூட அறாமல் காப்பாற்றினால்தான் விழுவதெல்லாம் அவளுக்கு.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தலையைப் பார்த்த பார்வையே வேறு. அவர்கள் வளவுக் கிணறு சவர்த்தண்ணி. உப்புப் பிடித்த மயிர் முறியும் என்று, உள்ளே தள்ளியிருந்த நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து அவன் முழுகுவதற்குக் குடம் குடமாகச் சுமந்தாள். தேசிக்காய்ப் புளியைக் குறைத்துச் செவ்வரத்தம் இலையைக் கசக்கி, அந்த வழுவழுப்பில் கழுவினாள். ஈரத்தைத் துவாயால் அடித்துத் துவட்ட விடமாட்டாள். பழைய நூல்சேலைக் கிழிசலால் சுற்றி ஒற்றியெடுப்பாள். ஈரத்தோடு கொண்டை போட விடமாட்டாள். கடற்காற்றில் உலர்த்தவும் விடமாட்டாள். சிக்கை முதலில் விரலால் பிரித்து, பிறகு பல் அகன்ற மரச்சீப்பை நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோவாள். படுக்கும்போது தளரப் பின்னிவிடுவாள். ஆட்டம் முடிந்து வந்தால் ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்வரை அவன் கை தலைக்குப் போகக்கூடாது.

தில்லைநாதனின் மயிர் முன்னையிலும் செழித்தது. கனகாம்பிகையைப் போல ஒரு பெண்சாதி வாய்க்கவேண்டும் என்று ஊர் பேசியது. மாமிகூட மனம் நிறைந்து சொன்னாள். கேட்கும்போதெல்லாம் இவளுக்கு உள்ளே புகைந்தது. புகழும் அவன் தலைக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

விழுந்த மயிர்களை வேர்ப்பக்கம் ஒன்றாக வைத்து அடுக்கினாள். வேரும் நுனியும் மாறிக் கலந்தால் சவுரி ஒரே சிக்காகிவிடும். ஈர விரலுக்குள் வைத்து உருவினால் ஒரு பக்கம் வழுக்கும், மற்றப்பக்கம் தடக்கும்; அதை வைத்து வேரைக் கண்டுபிடித்துவிடுவாள். அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். தகப்பனின் மயிர் அப்படியே அவனுக்கும் வந்தது. நாவிதர் அதை ஒட்ட வெட்டி எறிந்தபோது, எல்லாம் வேண்டாத தலையில் போய் முளைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

தங்கை இராசமலரின் கலியாணத்துக்குச் சவுரி தயாராகிவிட்டது. நூலால் இறுக்கி வரிந்து கட்டி, தன் மயிரோடு சேர்த்துப் பின்னி, மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு கலியாண வீட்டுக்குள் போனாள். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் யார் இது என்று தங்களுக்குள் கேட்டது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பாமல் நின்றாள். கொஞ்சநேரம் அப்படி நின்றாள்.

தில்லைநாதன் கண்டுகொண்டான். அந்த அலையை அவனுக்குத் தெரியாதா? விழுந்ததுதானே, வைத்துக்கொள் என்று சிரித்தான். பிச்சைக்காரருக்குக் கட்டிப் பழசான சாரத்தைக் கொடுக்கிற குரல். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் சனத்துக்கு ரசனை மாறியது. படங்களில் வரும் நடிகைகளைப்போல மயிர் நேராக விழவேண்டும் என்றார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து வின்சன்ற் என்ற ஒப்பனைக்காரன் வந்தான். தில்லைநாதனின் அலையை நிமிர்த்தித் தருவதாகச் சொல்லி, ஒரு போத்தலிலிருந்து கண்ணைக் கரிக்கும் மருந்தைப் பூசினான். பிறகு நெருப்பில் காய்ச்சிய இரும்புக் குறட்டால் பிடித்துப் பிடித்து இழுத்தான். மயிரிலிருந்து புகை எழும்பியது. கதவடியில் நின்ற கனகாம்பிகைக்கு அந்த மணம் போதும். தன் தலையில் காய்ச்சல் செய்ததை இந்தக் குறடு செய்யப்போகிறது என்று தெரிந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் அவன் எழும்பி நின்று தலையை உதறினான். மயிர் பட்டுத்திரை மாதிரி இறங்கியது. அவ்வளவு அழகை அவள் அதுவரை கண்டதில்லை. அவளுக்கு வாய் அடைத்துப்போயிற்று.

ஒரு திருவிழாக்காலம் அந்த அழகு நின்றது. பிறகு மயிர் அறத் தொடங்கியது. தலையணையில், சாப்பாட்டுக் கோப்பையில், கடைக் கயிற்றுச் சுருளுக்குள் எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. எந்தத் துண்டிலும் வேர் இல்லை. சில இடங்களில் இடுப்பளவு, சில இடங்களில் கழுத்தளவு என்று தலை கறையான் அரித்த ஓலை மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் அவளுடைய கைப் பிழை என்றான் தில்லைநாதன்.  அன்றோடு அவள் அவன் தலையைத் தொடுவதை நிறுத்தினாள்.

கோயில் திருவிழா கிட்டியது. நாடகத்தைப் பழக்கும் சோமசேகரம் அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, கொண்டை அவிழ்க்கிற இடம் இல்லாமல் அந்த நாடகம் இல்லை என்றார். நார்முடி வைத்தால் சனம் கூவும். அரியாலையில் தியாகராசா என்று ஒரு இளம் பெடியன் நன்றாக ஆடுகிறானாம், அவனிடம் கொழும்பில் வாங்கின நல்ல முடி இருக்கிறதாம். தில்லைநாதனின் முகம் செத்துப்போயிற்று. அண்ணாவியார் கனகாம்பிகையின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உன்னட்டை ஒரு சவுரி கிடக்குதெண்டு கேள்வி."

அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கக் குனிந்தாள்.

"அது என்ரை மயிர்தான், அண்ணாவியார்," என்றான் தில்லைநாதன். "கனகம், எடுத்துக்கொண்டு வா."

 தங்கையின் கலியாணத்துக்குப் பிறகும் விடாமல், பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அவளிடம் இருந்த ஒரே அழகு அது. அதையும் அவன் தலைக்கு எடுத்து வைத்தால் தனக்கு என்ன மிச்சம்?

"உங்கடை தலையிலை இருந்தமட்டும் அது உங்கடை," என்றாள். "விழுந்த பிறகு பொறுக்கினது நான்."

அண்ணாவியார் கூரையைப் பார்த்தார்.  கலியாணமாகி இவ்வளவு காலத்தில் அவள் தில்லைநாதனை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல்.

பிறகு அவளே சொன்னாள். "இரவல் தாறன். ஆனால் உந்த வெந்த மயிர் முழுக்க வெட்டவேணும். இல்லாட்டிச் சவுரியின்ரை பாரத்துக்கு மிச்சமும் அடியோடை அறும். கட்டிறதும் கழட்டிறதும் நான்தான். வேறை ஒருத்தற்றை கையும் படக்கூடாது."

சொன்னதெல்லாம் உண்மை. வெந்துபோன மயிர் திருந்தாது. அதை வெட்டினால்தான் வேரிலிருந்து வருவது பிழைக்கும். ஆனால் அவன் தலையில் கத்தரிக்கோலை வைக்கும் ஆசையும் அதற்குள் இருந்தது. எது கூடுதல் என்று அவள் ஆராயப்போகவில்லை.

மறுநாட் காலை பலகையில் இருத்தி வெட்டினாள். முடிந்ததும் அவன் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தான். மயிர் தோளைத் தாண்டவில்லை.

"உன்ரை மாதிரிக் கிடக்கு," என்றான்.

"ஓம்," என்றாள்.

சவுரியை அவள் கட்டிய விதம் அண்ணாவியாருக்கே புதிது. நொந்த மயிரில் பாரத்தைத் தொங்கவிடாமல், மெல்லிய நூற்கயிற்றைத் தலையைச் சுற்றிக் கட்டி, சவுரியை அந்தக் கயிற்றில் பிடிக்கவைத்தாள். சொந்த மயிரை மேலே தளரப் படியவிட்டு மூடினாள். தன் தலையில் கட்டி, எத்தனையோ முறை மயிர் அறுந்து அறுந்து பழகியது. தலையை உதறிப் பார்க்கச் சொன்னாள். அசையவில்லை.

ஆட்டத்தன்று பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தாள். இராணி காட்டுக்குள் வந்தாள். கொண்டை அவிழ்ந்தது. பழைய அலையோடு மயிர் இடுப்புக்குக் கீழே இறங்கியது. சனம் ஐயோ என்றது. பக்கத்தில் இருந்த இரத்தினம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரு ஆம்பிளைக்குக் கடவுள் கொடுத்திருக்கிறதைப் பார் என்றாள்.

"அது என்ரை," என்றாள் கனகாம்பிகை.

இரத்தினம்மா அவள் தொடையில் தட்டினாள். "உன்ரை மனிசன்தான், ஆர் இல்லையெண்டது? பேசாமல் பார்."

மேடையில் தில்லைநாதன் பாடிக்கொண்டே நிலத்தில் விழுந்து புரண்டான். மயிர் புழுதியில் இழுபட்டது. சனம் விம்மியது. கனகாம்பிகைக்கு மட்டும் அழுகை வரவில்லை. எப்போது எழும்புவான், எப்போது அதைக் கழற்றிக் கையில் எடுப்பேன் என்றிருந்தது.

விடிந்ததும் செவ்வரத்தம் இலையில் கழுவி, நிழலில் உலர்த்தினாள். வந்த வெள்ளிக்கிழமை அதைத் தன் தலையில் சேர்த்துப் பின்னி, பூ வைத்து, அவனோடு கோயிலுக்குப் போனாள். வீதியில் அண்ணாவியாரின் பெண்சாதி மறித்து, கனகத்தின் பின்னல் இன்றைக்கு எவ்வளவு லட்சணம் என்று தில்லைநாதனிடமே சொன்னாள். பக்கத்தில் நின்ற பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். தில்லைநாதனை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் சால்வையை எடுத்துக் கழுத்தைச் சுற்றி, வெட்டின மயிரை மறைத்துக்கொண்டான்.

அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷமாகத் தன் முகத்தில் மறைத்து வைத்திருந்ததுதான்.

கொஞ்சத்தூரம் நடந்தார்கள். பிறகு அவன் சொன்னான்:

"வாற மாசம் பொலிகண்டியிலை ஆட்டம். அதுவரைக்கும் அதை உந்த வெயிலுக்குள்ளை கொண்டு திரியாதை. நுனி முறிஞ்சிடும்."

"என்ரை தலையிலைதானே கிடக்குது," என்றாள் அவள். "முறியாமல் நான் பாக்கிறன்."

சேலைத் தலைப்பைத் தலையில் போடாமலே, வெயில் விழுந்த பக்கமாக அவனுக்கு முன்னால் நடந்தாள்.