தோற்ற துடுப்பு

என் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு துடுப்பு மாட்டியிருக்கிறது. பிடி தேய்ந்த சாதாரண மரத் துடுப்பு. வருகிறவர்கள் "மாமா எந்தப் போட்டியில ஜெயிச்சது?" என்று கேட்காமல் உட்கார்வதில்லை. ஜெயித்த வெள்ளிக் கோப்பைகளில் அத்தை உளுந்தும் மிளகும் போட்டு வைத்திருந்தாள் என்றால் நம்பமாட்டார்கள்.

காரைக்காலிலிருந்து வியட்நாமின் சைகோனுக்குப் போன குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சுக்காரர்களின் படகுக் குழாமில் சேர்ந்து அவர்களையே தோற்கடித்துச் சாம்பியன் ஆனவர் மாமா. அவர்கள் கப்பலேறிய பிறகு வக்கீல். நான் அவரிடம் தட்டச்சு செய்தேன். சீட்டாட்டத்தில் தோற்றால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சண்டை முற்றியிருந்த நேரத்தில் ஒரு படகுக்காரப் பெண்ணின் வழக்கு வந்தது. அந்தியில் அவளைச் சந்தைத் துறையில் பார்த்திருக்கிறார்கள். ஊரடங்குச் சங்கு ஊதுவதற்குள் கெரில்லா ஒருவனை ஆற்றின் மேல்துறையில் இறக்கிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. கடல் வற்றி ஆற்று நீர் கீழே இழுக்கும்போது யாராலும் அவ்வளவு தூரம் ஏற முடியாது என்றார் மாமா. அரசு வக்கீல் சிரித்தார். அதே படகை அதே நேரத்தில் நானே செலுத்துகிறேன், சங்குக்குள் போய்ச் சேர்ந்தால் அவளை உள்ளே தள்ளுங்கள் என்று மாமா சவால் விட்டார். நீதிபதி ஒப்புக்கொண்டார்.

"மாமா, வேகமாப் போட்டுறாதீங்க" என்றேன்.

"மெதுவாப் போட்டா அது பொய்ச் சாட்சிம்மா."

மேல்துறையில் காத்து நின்றோம், காவலோடு அவளும். அந்தச் சேற்று வாசனை இப்போதும் எனக்கு வேண்டியிருக்கிறது. வளைவில் படகு தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார் மாமா. இன்னும் கொஞ்சம்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மாமா தோற்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டேன். சங்கு ஊதியது.

வேண்டுமென்றே மெதுவாகப் போட்டாரோ என்ற சந்தேகத்தோடு அரசு வக்கீல் மாமாவின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கையை விட்டுவிட்டு அவர் விலகினார். மாமா படகிலேயே உட்கார்ந்து அழுதார். அவளுக்காக என்று நினைத்து நானும் அழுதேன். விடுதலையான பிறகு அவள் கொண்டுவந்து கொடுத்ததுதான் மாமா அன்று பிடித்த இந்தத் துடுப்பு.

காரைக்காலுக்குத் திரும்பி வெகுகாலம் கழித்து ஒருநாள் சொன்னார்: "அவளை நான் மறந்தே போயிட்டேன்மா. இன்னும் நாலு தள்ளு தள்ளியிருந்தா கரையைத் தொட்டிருப்பேனேன்னுதான் அழுதேன். அவ ஓடியாந்து கையப் புடிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு."

கேட்கிறவர்களிடம், தோற்றது என்றுதான் சொல்கிறேன். மாமா இருந்திருந்தால், "கொஞ்சத்துல" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லியிருப்பார்.