ஆரணிக்கு ஒரு துவக்கு

இந்த நாட்டில் பொலிஸ் வீட்டுக்கு வருவதற்கு முன் போன் எடுத்து, வியாழக்கிழமை பத்து மணி வசதிப்படுமா என்று கேட்கிறது. சொன்ன நேரத்துக்கு வந்தவர், வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றும் கேட்டார். இருபது வருடங்களுக்கு மேலாக லண்டனில் இருந்தும் எனக்கு இன்னும் பழகாத விஷயங்களில் இது ஒன்று. ஊரில் அவர்கள் கேட்டுக்கொண்டு வந்ததில்லை. வந்தபின் சப்பாத்தைப் பற்றி யோசித்ததும் இல்லை. செவன் கிங்ஸில் என் அக்காவின் முன் அறையில், காலுறையோடு கதிரையின் நுனியில் இருந்த அந்த நரைத்த மனிதர், எங்கள் வீட்டில் துவக்கோ குண்டோ இருக்கிறதா என்று தேட வரவில்லை. ஒரு துவக்கு வைத்திருக்க இந்த வீடு தகுமா என்று பார்க்க வந்திருந்தார். ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் அந்த வசனத்தை இரண்டாம் தரம் வாசிக்கக்கூடும். எனக்கும் அது இரண்டு தரம் சொல்லித்தான் விளங்கியது.

துவக்கு அக்காவின் மகள் ஆரணிக்கு. இருபத்தாறு வயது. மிருக வைத்தியர், அதிலும் குதிரைகளுக்கு. "டொக்டருக்குப் படிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டு, பிறகு குதிரைக்கு எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்று அக்கா முதலில் சொல்லித் திரிந்தவர்தான். பிறகு, சேற்றுக் காற்சட்டையோடு வீட்டுக்கு வரும் மகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார். போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா குசினியில் நின்ற நேரம், ஆரணி என் பக்கத்தில் வந்திருந்து குரலைத் தாழ்த்தி, "மாமா, எனக்கொரு கன் வாங்கவேணும்" என்றாள். கார் வாங்கவேண்டும் என்பதுபோலச் சொன்னாள். இங்கே கைத்துவக்கு எவரும் வைத்திருக்க ஏலாது. குதிரை வைத்தியர்கள் போன்ற சிலருக்கு மட்டும், அதுவும் மிருகங்களுக்கு மட்டும், இரண்டு குண்டுக்கு மேல் போட முடியாதபடி மாற்றப்பட்ட ஒன்றை அனுமதிக்கிறார்கள். கால் முறிந்த குதிரை பெரும்பாலும் பிழைக்காது; அது துடித்துக்கொண்டு கிடக்க விடக்கூடாது. அவள் வேலை செய்யும் இடத்தில் துவக்கு வைத்திருந்த பெரிய வைத்தியர் ஓய்வு பெறப்போகிறார். இனி அவளுக்கென்று ஒன்று வேண்டும்.

நான் பார்க்கிங் என்ற ஊரின் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டுவது, பூட்டு மாற்றுவது. ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஸ்டுட்கார்ட்டில் பழகிய தொழில். துவக்கை வைக்கிற இரும்புப் பெட்டியைச் சுவரோடு பூட்டுவதற்குத்தான் என்னைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "அது மட்டுமில்லை மாமா. கடைக்கும் வாங்கோ. தனியப் போக ஒரு மாதிரி இருக்கு. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக ஏலாது, ஷீ வில் ஃப்ரீக் அவுட்" என்றாள். மறுக்க ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மறுக்க வழி தெரியவில்லை. ஓம் என்றேன்.

எசெக்ஸில் ஒரு கிராமத்துக் கடை. வெளியே பூச்சாடிகள் வைத்திருந்தார்கள். உள்ளே எண்ணெயும் நனைந்த நாயும் மணத்தன. கடைக்காரர் எழுபது வயதைத் தாண்டியவர். பச்சைத் துணியொன்றை விரித்து, அதன்மேல் இரண்டு துவக்குகளை வைத்தார். ஒன்று பெரியது, மரப்பிடி, குண்டு போடும் ஆறு ஓட்டைகளில் நான்கை ஈயம் உருக்கி அடைத்ததுபோல மூடியிருந்த ரிவோல்வர். மற்றது சின்னது, கறுப்பு, தட்டையானது. ஆரணி இரண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தாள். பாரம், பிடி, சத்தம், சுத்தம் செய்யும் முறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கடைக்காரர் என்னைத் தகப்பன் என்று நினைத்து, நீங்களும் பிடித்துப் பாருங்கள் என்று சின்னதை என் பக்கமாகத் தள்ளினார். நான் இரண்டு கைகளையும் கோட்டுப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, பதறிப்போய், இது சமயம் சம்பந்தப்பட்டதா, உங்கள் ஆட்கள் மிருகங்களைக் கொல்வதில்லை அல்லவா, மன்னிக்கவேண்டும் என்றார். யெஸ் என்றேன். அந்த யெஸ் எனக்குச் சுகமாக இருந்தது. அவர் உள்ளே போய் எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

"மாமா, எது?" என்று ஆரணி கேட்டாள். சின்னது அவளுடைய கைக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

"பெரியதை எடு."

"அது எனக்குப் பாரம். கைக்குள்ள கொள்ளாது."

"பெரியதை எடு பிள்ளை."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கடைக்காரரிடம், பெரியதின் விபரத்தை எழுதித் தாருங்கள், லைசென்ஸுக்குப் போடப்போகிறேன் என்றாள். காரில் ஏறிய பிறகு அவள் எஞ்சினை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, "சொல்லுங்கோ" என்றாள்.

ஆரணியின் தகப்பன், என் அத்தான் யோகநாதன், தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் திருத்துபவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் அவருடைய பட்டறை. காலையிலிருந்து இருட்டும்வரை யாராவது படலையில் நின்று கூப்பிடுவார்கள். அன்றைக்குப் பின்னேரம் வந்த இரண்டு பெடியங்களும் அப்படித்தான் வந்தார்கள். ஒரே சைக்கிள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர்களுக்கும் அவ்வளவுதான் இருக்கும். "யோகண்ணை நிக்கிறாரோ? மோட்டர் ஒண்டு தண்ணி இழுக்குதில்லை" என்று ஒருவன் மரியாதையாகக் கேட்டான். அத்தான் உள்ளே, ஒரு வயதுகூட ஆகாத ஆரணியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் படலையைத் திறந்துவிட்டு, "அத்தான், உங்களைத் தேடி வந்திருக்கினம்" என்று குரல் கொடுத்தேன். அவர் பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, சாரத்தைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். மற்றவன் சேட்டுக்குள் இருந்து எடுத்தது சின்னது, கறுப்பு, தட்டையானது. அவர்கள் யார், எதற்காக என்று இன்றுவரை தெரியாது. அந்த நாட்களில் அது கேட்கக்கூடாத கேள்வி. கேட்டவர்களுக்கும் படலையில் ஆள் வந்தது.

நான் ஓடினேன். அதுதான் எனக்குச் சொல்லக் கடினமான இடம். அத்தான் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே பின்வளவுக்குள் ஓடி, கிணற்றுக் கட்டின் மறைவில் குந்தியிருந்தேன். அயலில் கதவுகள் அடிபட்டு மூடுகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. ரோட்டில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. அக்காவின் குரல் மட்டும் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. நான் எழுந்து முன்பக்கம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆரணிக்கு அவளுடைய தகப்பன் செல் குண்டு விழுந்து செத்தார் என்று அக்கா சொல்லி வளர்த்தார். செல்லைப் பற்றி ஒரு பிள்ளை மேற்கொண்டு கேள்வி கேட்காது. நானும் அதைக் காப்பாற்றினேன். அது எனக்கும் வசதியாக இருந்தது.

ஆரணி அழவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உடனேயோ மாமா?"

அவளுடைய தொழிலில் அந்த ஒரு சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். ஓம் என்று சொல்லியிருக்கலாம். "இல்லை. கொஞ்ச நேரம் கிடந்தவர். அக்கா மட்டும்தான் பக்கத்திலை" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு எஞ்சினை எடுத்தாள்.

அடுத்த கிழமை இரும்புப் பெட்டியைப் பூட்டப் போனேன். ஆரணியின் அறையில், அலுமாரிக்குப் பின்னால் செங்கல் சுவரில் நான்கு துளை. டிறில்லை நிறுத்திவிட்டுத் திரும்பினால் அக்கா வாசலில் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அவளுக்குச் சொல்லிப்போட்டியாம்."

"ஓம்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். நான்தான் அத்தானைக் கூப்பிட்டனான் எண்டதையும். ஓடினதையும்." அக்காவிடம் அதை நான் அதுவரை ஒருநாளும் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

"நீ கூப்பிட்டது எனக்குத் தெரியும். குசினிக்குள்ள நிண்டு கேட்டனான்" என்றார் அக்கா.

இத்தனை வருடம் அந்த மனிசி எனக்குச் சோறு போட்டிருக்கிறார். பாரிஸில், ஸ்டுட்கார்ட்டில், இங்கே என்று நான் அலைந்த காலமெல்லாம் போன் எடுத்து, சாப்பிட்டியோ என்று கேட்டிருக்கிறார். "பிறகேன் அக்கா என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லை?" என்றேன்.

"கேட்டால் நீ பதில் சொல்லவேணும். எனக்குப் பதில் வேண்டாம், தம்பி வேணும்." சொல்லிவிட்டு, தரையில் கொட்டியிருந்த செங்கல் தூளைப் பார்த்து, "கூட்டித் துடைச்சுப்போட்டு வா, சாப்பிடுவம்" என்றபடி கீழே போனார்.

இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தப் பொலிஸ்காரர் வந்தார். பெட்டியை இழுத்துப் பார்த்தார்; நல்ல வேலை என்று என்னைப் பாராட்டினார். பிறகு அக்காவிடம், வீட்டில் துவக்கு ஒன்று இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். ஆரணி மொழிபெயர்க்க வாயெடுக்க முன், அக்காவே இங்கிலிஷில் பதில் சொன்னார். "மை ஹஸ்பண்ட். கன்." பொலிஸ்காரர் நிமிர்ந்தார். உங்கள் கணவரிடம் துவக்கு இருக்கிறதா, எங்கே இருக்கிறார், எந்த வகைத் துவக்கு என்று கேட்டு எழுதத் தொடங்கினார். அக்கா நோ, நோ என்று கையை ஆட்டினார்; சொல் வரவில்லை. தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார். ஆரணி தாயின் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, என் அப்பா சுடப்பட்டு இறந்தவர், சிறீலங்காவில், நான் குழந்தையாக இருந்தபோது என்று சொன்னாள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. பொலிஸ்காரர் பேனையை மூடினார். துவக்கை வேலைத்தலத்தில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம், அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

"அங்கை வைச்சால் அவசரத்துக்கு இவள் அங்கை ஓடிப் போய் எடுக்கவேணுமெல்லே? அதுவரைக்கும் அந்தச் சீவன் கிடந்து துடிக்குமெல்லே?" என்று அக்கா என்னைக் கேட்டார். ஓம் என்றேன். "அப்ப இங்கை இருக்கட்டும். எனக்கு விருப்பமில்லை எண்டும் சொல்லு, இருக்கட்டும் எண்டும் சொல்லு. பெட்டித் திறப்பு எங்கை எண்டு மட்டும் எனக்குச் சொல்லவேண்டாம்." ஆரணி அதை அப்படியே மொழிபெயர்த்தாள். பொலிஸ்காரர், சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்றார். அவர் போனபின் அக்கா அவர் குடித்த கோப்பையைக் கழுவாமல் நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

லைசென்ஸ் வந்தது, துவக்கு வந்தது. வைகாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் ஆரணிக்கு அழைப்பு வந்தது. அவளுடைய கார் திருத்த வேலைக்குக் கராஜில் நின்றதால் என் கடை வான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன். மாடியிலிருந்து அவள் கறுத்தப் பையோடு இறங்கி வந்தபோது அக்கா முகத்தைத் திருப்பவில்லை. "கவனம் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

லண்டனுக்கு வெளியே, எப்பிங்குக்கு அப்பால் ஒரு புல்வெளி. கிழட்டுப் பெண்குதிரை ஒன்று வேலியில் இடறி, முன்கால் முறிந்து படுத்திருந்தது. சொந்தக்காரி தனியாக வாழும் வயதான வெள்ளைக்கார அம்மா. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் இருந்தார். ஆரணி முழங்காலில் இருந்து அவரோடு மெதுவாகக் கதைத்தாள். பிறகு அவரை எழுப்பி என்னிடம் அனுப்பினாள். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை தேவைப்பட்டது; என் கை பக்கத்தில் இருந்தது. ஒரே ஒரு சத்தம். என் கால்கள் ஓடப் பார்த்தன. அந்த அம்மா என் கையை விடாததால் நின்றேன்.

ஒருவரும் ஓடவில்லை. மாறாக, ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அடுத்த பண்ணையிலிருந்து ஒருவர் போர்வையோடு வந்தார். ரோட்டால் போன கார் நின்று, ஒரு தம்பதி இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்கள். ஆரணி குதிரையின் கண்ணைத் தொட்டுப் பார்த்து, நெற்றியில் உள்ளங்கையை வைத்தபடி அசையாமல் இருந்தாள். அவள் கேட்ட அந்த "உடனேயோ"வுக்குப் பதில் எனக்கு முன்னால் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்தது. ஊரில், அத்தானின் செத்தவீட்டில், சுடலையில், எங்கேயும் வராத அழுகை.

அந்த அம்மா தன் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைத் தேற்றத் தொடங்கினார். நீ நல்ல மனிதன், என் குதிரையை உனக்குத் தெரியாது, ஆனாலும் அவளுக்காக அழுகிறாய் என்றார். அவளுடைய பெயர் பிஸ்கட் என்றார். நான் அந்தப் பெயரைத் திரும்பச் சொன்னேன். அதன்பின், உயிரோடு இருந்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டிராத அத்தானின் பெயர் என் வாயில் வந்தது. யோகநாதன் என்றேன். எங்கள் சமயத்தில் செத்தவர்களுக்குச் சொல்லும் மந்திரம் என்று அவர் நினைத்திருக்கவேண்டும். என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குதிரையைப் பார்த்து, தடுமாறித் தடுமாறி அந்தப் பெயரைத் தானும் ஒரு தரம் சொன்னார்.