நீலக் கதிரைக்கு என்ன விலை?

போன சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே ஒரு கூட்டம் நடத்தினோம்.

நான் மட்டும் இல்லை. எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தை வாங்குவதற்கென்று சுவிஸிலிருந்து வந்தவர், அவருடைய கணக்காளர், எங்கள் தலைவர் எல்லோரும் நின்றோம். கழகத்திடம் நூற்று நாற்பத்திரண்டு கதிரைகள் இருக்கின்றன. அன்றைக்கு மைதானத்தில் உட்கார ஒன்றுகூட இல்லை!

ஏன் என்கிறீர்களா? சொல்கிறேன்.

முள்ளியவளைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கழகத்துக்கு நான்தான் பொருளாளர். பன்னிரண்டு வருடமாக. கணக்கில் சூரன் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொதுக்கூட்டத்தில் என் பெயரைச் சொன்னபோது, எழுந்து “வேண்டாம்” என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான்.

சுதன் ஒரு காலத்தில் எங்கள் அணிக்கு வலது பக்கத்தால் ஓடி விளையாடியவர். இப்போது சுவிஸில் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். ஒருநாள் போன் எடுத்தார்.

“அண்ணை, கழகத்தை நான் பொறுப்பெடுக்கிறன். மாகாணப் போட்டியளிலை இறக்குவம். இருக்கிற கடனெல்லாம் நான் கட்டுறன்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடன் என்றால்... உடுப்புத் தைத்த கடைக்கு, போன சுற்றுப்போட்டிக்குச் சோடா தந்த கடைக்கு, மைதானத்துத் தண்ணீர் மோட்டரைத் திருத்தியவருக்கு. இந்த மூன்று பேரையும் தூரத்தில் கண்டாலே நான் சைக்கிளை வேறு ஒழுங்கையால் திருப்பிவிடுவேன்.

சுதனுக்கு ஒரேயொரு நிபந்தனை. கழகத்துக்குச் சொந்தமான எல்லாவற்றையும் பட்டியல் போட்டு, விலை மதித்து, அவர் பெயருக்கு மாற்ற வேண்டும். சொத்து கடனைவிடக் கூட இருக்கவேண்டும் — அவரோடு சேர்ந்து காசு போடும் சிநேகிதர்கள் அப்படித்தான் கேட்கிறார்களாம்.

பட்டியல் போட வவுனியாவிலிருந்து ஒரு கணக்காளர் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல பிள்ளை. செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் என் நெல்லுக் கொட்டிலுக்குள்கூட வந்தார். கழகத்தின் சாமான்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

“ரெண்டு பந்து, ஒரு வலை, ஒரு மோட்டர்... இவ்வளவுதானோ அண்ணை?”

“அங்காலை கதிரையள் இருக்குது.”

மூடியிருந்த படங்கை விலக்கிக் காட்டினேன். தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

“அட, இதல்லோ சொத்து! ஒரு நாளைக்கு என்ன வாடகை எடுக்கிறனீங்கள்?”

“எடுக்கிறேல்லை.”

“விளங்கேல்லை அண்ணை.”

“செத்த வீடுகளுக்குக் குடுக்கிறது. சும்மா.”

அவர் உடனே ஒரு தாளில் பெருக்கத் தொடங்கினார். ஒரு கதிரைக்கு நாளுக்கு நாற்பது ரூபா. நூற்று நாற்பத்திரண்டு கதிரை. மாதத்தில் இத்தனை நாள்... “அண்ணை, நீங்கள் காசை வேலியாலை எறிஞ்சுகொண்டு இருந்திருக்கிறீங்கள்!”

அவரிடம் சொல்ல நினைத்ததை உங்களிடம் சொல்கிறேன். எனக்கு வாயால் வராதது கொஞ்சம் எழுத்தில் வரும்.

முதல் முப்பது கதிரை மட்டும்தான் கழகம் வாங்கியது, ஒரு சுற்றுப்போட்டியில் கிடைத்த பரிசுக் காசில். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுப்போம். முப்பத்தோராம் நாள் எல்லாம் முடிந்து கதிரைகள் திரும்பி வரும்போது ஒரு கதிரை கூடவாக வரும். அந்த வீட்டார் வாங்கித் தந்த புதுக் கதிரை. முதுகில் இறந்தவரின் பெயர் பெயின்ரால் எழுதியிருக்கும். யார் தொடங்கிய பழக்கமோ தெரியாது. யாரும் கேட்பதும் இல்லை. இப்படித்தான் முப்பது, நூற்று நாற்பத்திரண்டு ஆனது.

ஆக, அந்தக் கதிரைகளுக்கு யார் சொந்தக்காரர்? கழகமா? வாங்கித் தந்த வீடுகளா? முதுகில் பெயர் இருப்பவர்களா? பட்டியலில் இதற்குப் பெட்டி இல்லை.

எல்லாம் சிவப்புக் கதிரை. ஒன்று மட்டும் நீலம். வெயிலில் வெளுத்து, ஒரு கால் வெடித்து, கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கும். அது மாரிமுத்து அண்ணை தந்தது. மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து எங்கள் ஊரில் கூலிக்கு வரம்பு வெட்டுபவர். மனைவி செல்லாயி இறந்தபின் மூன்று மாதம் பிந்தித்தான் அவரால் கதிரை வாங்க முடிந்தது. கடையில் சிவப்பு முடிந்துவிட்டது. நீலத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்து வந்தார்.

பட்டியல் போட்ட அன்றும் எனக்கு உதவியாகக் கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். கணக்காளர் தம்பி நீலக் கதிரையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

“அதுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க தம்பி?” மாரிமுத்து அண்ணை ஆசையாகத்தான் கேட்டார்.

“சைபர், ஐயா. இது கழிவு. எறியவேண்டியது.”

மாரிமுத்து அண்ணை கம்பி கட்டிய காலை விரலால் அழுத்திப் பார்த்தார். தம்பி போன பிறகுதான் வாய் திறந்தார்.

“எறிஞ்சிருவாங்களா?”

“நான் சுதனிட்டைக் கதைக்கிறன் அண்ணை.”

சொல்லிவிட்டேன். கதைத்தேனா? நாலு நாளில் நாலு தரம் போனை எடுத்தேன். நாலு தரமும் வைத்துவிட்டேன். “கடனைக் கட்டுறதுக்கு ஒரு மனுசன் வந்திருக்கிறான், அவனோடை கதிரைக்குச் சண்டையோ எண்டு யோசிக்கிறீங்கள், என்ன?” என்றார் என் மனைவி. சரியாகத்தான் பிடித்தார்.

சனிக்கிழமை பின்னேரம் மைதானத்தில் கதிரைகளைப் பரப்பினோம். வாய் வராத ஆள் என்ன செய்வான்? நீலக் கதிரையைக் கொண்டுபோய் முன்வரிசை நடுவில் போட்டேன். சுதன் வந்து அதிலேயே இருந்தார்.

தலைவர் ஒப்பந்தத்தை வாசித்தார். “கதிரைகள் யாவும் இனிமேல் வாடகைக்கு மட்டுமே விடப்படும்” என்ற இடத்தில் நான் எழும்பினேன். எல்லோரும் பார்த்தார்கள். சேட்டுப் பொத்தானைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப இருந்துவிட்டேன்.

அப்போதுதான் செய்தி வந்தது. வாய்க்கால்கரைச் செல்லத்துரை அண்ணை முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். பொழுதுபடுவதற்குள் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்.

எல்லோரும் எழுந்தார்கள். அவரவர் இருந்த கதிரையை அவரவரே தூக்கினார்கள். உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் அடுக்கினார்கள். பத்து நிமிடம். மைதானம் வெறுமையாகிவிட்டது. நடுவில் சுதன் மட்டும், என்ன நடக்கிறது என்று விளங்காமல், நீலக் கதிரையில்.

மாரிமுத்து அண்ணை அவருக்குப் பக்கத்தில் போனார்.

“தம்பி, கொஞ்சம் எந்திரிங்க. இதுவும் போகணும்.”

சுதன் எழுந்து கதிரையின் முதுகைப் பார்த்தார். “செல்லாயியோ? ஆர் அது?”

“எங்க வீட்டுக்காரிங்க. நீங்க வெளையாடுறப்ப பாதி ஆட்டத்துல தோடம்பழம் உரிச்சுக் குடுப்பாளே...”

“தோடம்பழ அக்காவோ!”

“நீங்க ரெண்டு துண்டா எடுப்பீங்கன்னு சொல்லுவா.”

சுதன் அந்தக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் ஏற்றினார். கம்பி கட்டிய கால் அடிபடாமல், மெல்ல.

பந்தல் போடுகிறவர்கள் மெசினோடு போனார்கள். அடுத்த நாள் சுதனுக்குப் பிளேன். அதனால் நாங்கள் மிச்சக் கூட்டத்தை நின்றபடி நடத்தினோம்.

“பட்டியலிலை இருந்து கதிரையளை வெட்டிவிடுங்கோ. அது ஊருக்குச் சொந்தம். பொருளாளர் அண்ணை பார்த்துக்கொள்ளட்டும்” என்றார் சுதன்.

கணக்காளர் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணை, கதிரை இல்லையெண்டால் சொத்தைவிடக் கடன் கூட.”

“அப்ப நான் என்னத்தை வாங்கிறன்?”

“கடனும், ரெண்டு பந்தும்.”

சுதன் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கணக்காளர் தம்பியின் மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சிநேகிதர்களுக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டோம். “அவங்கட பங்கையும் நானே போடவேண்டி வரும்போலை” என்றார். அன்றிரவு செத்த வீட்டில் அவரைக் கண்டேன். மாரிமுத்து அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தார்.

எனக்கு ஒன்று விளங்குகிறது. ஒரு பொருளை விற்றால் அதற்கு விலை உண்டு, வாடகைக்கு விட்டால் விலை உண்டு. சும்மா கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்குக் கணக்கில் இடமில்லை. அதற்குக் கணக்காளர்களைக் கோபித்து என்ன பயன்? பாவம், பெட்டி போட்டுத்தானே அவர்களும் படித்திருக்கிறார்கள்.

புதன்கிழமை சுதன் சுவிஸிலிருந்து போன் எடுத்தார்.

“அண்ணை, வாற மாசக் கடைசியிலை புது நிர்வாகத்தின்ரை முதல் மட்சுக்கு நூறு கதிரை வேணும். ஒழுங்கு செய்யுங்கோ.”

இந்தத் தரம் சொல்லிவிட்டேன்.

“செத்த வீட்டுக்கு மட்டும்தான் சும்மா, தம்பி. மற்றதுக்கு நாற்பது ரூபா. உங்கட ஆள்தான் கணக்குப் போட்டுத் தந்தவர்.”

அந்தப் பக்கம் சிரிப்பு.

தொண்ணூற்றொன்பது கதிரைக்குத்தான் பில் எழுதியிருக்கிறேன். நீலத்துக்கு வாடகை வாங்க முடியாது — பெறுமதி சைபர் என்று அவருடைய ஆளே கையெழுத்து வைத்திருக்கிறார்!