ஜொஹரா வைத்த சிவப்புக் குறி

ஜொஹரா இறந்துபோன செய்தி என் போனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வந்திருக்கிறது. நான் அதைப் படித்தது மறுநாள் மாலை. அவருடைய கணவர் காதர் பாய் தன் எண்ணிலிருந்து அனுப்பியிருந்தார். அந்த எண் என்னிடம் பதிவாகியிருக்கவில்லை. தெரியாத எண்களிலிருந்து வரும் செய்திகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கி, 'பிறகு பார்க்க' என்ற பெட்டிக்குள் போட்டுவிடும்படி எங்கள் நிறுவனத்தின் போன்களை அமைத்திருக்கிறோம். அப்படி அமைத்த குழுவுக்குத் தலைவன் நான்தான். மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது தற்செயலாக அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஜொஹரா மௌத்தாகிவிட்டதாகவும் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றும் இருந்தது. அடக்கம் முடிந்து ஒரு முழு நாள் ஆகியிருந்தது.

செம்பூர் அலுவலகத்தின் நான்காம் மாடியில் எங்களோடு வேலை பார்த்தவர்களில் பலர் இந்தத் தமிழ்ச் சங்க மலரை வாங்குகிறவர்கள். ஜொஹராவைப் பற்றி உங்களுக்குக் கடைசியாகத் தெரிந்தது, அவர் செய்த ஒரு தவறால் அவருக்கு வேலை போனது என்பதுதான். அது உண்மையல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. அவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

போனுக்குள் இருக்கும் இயங்குதளம் எங்கள் நிறுவனம் செய்தது அல்ல. அது வெளியிலிருந்து வரும். அதன்மேல் எங்களுக்குப் பிடித்த தோற்றத்தை நாங்கள் போர்த்துவோம். அழைப்பு வந்தால் திரை எப்படி இருக்க வேண்டும், எந்தச் செய்தி மேலே வர வேண்டும், பேட்டரியை எப்படி மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கள் முடிவு. நான் முடிவு செய்வேன்; அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ஜொஹரா சோதித்துப் பார்ப்பார். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். வாப்பாவும் உம்மாவும் மேலப்பாளையத்திலிருந்து வந்தவர்கள். ஏஜென்சி மூலமாக ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை 'சார்' என்பார். நான் அவரை 'ஜொஹரா' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். ஐந்து வருடத்தில் ஒரு நாளும் எனக்கு அது உறுத்தவில்லை.

ஒரு சமயம் அழைப்பு வரும் திரையை மாற்றினோம். பச்சை, சிவப்பு வட்டங்களை எடுத்துவிட்டு, கட்டைவிரலால் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுக்கும்படி செய்தோம். பார்க்க மிக அழகாக இருந்தது. ஒரு மதியம் ஜொஹரா தன்னோடு வர முடியுமா என்று கேட்டார். தாராவியில் தோல் பை செய்யும் ஒரு பட்டறைக்கு, ஏணியில் ஏறி, மாடிக்கு அழைத்துப் போனார். நான்கு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோர் விரலிலும் பசை. புதிய திரை போட்ட போனை அவர்களில் ஒருவர் முன்னால் வைத்துவிட்டு, தன் போனிலிருந்து ஜொஹரா அழைத்தார். அந்த மனிதர் விரலை மடக்கி, முட்டியால் திரையைத் தள்ளிப் பார்த்தார். நகரவில்லை. மறுபடி தள்ளினார். மூன்றாம் முறை அழைப்பு துண்டிக்கப்பட்டது. பழைய வட்டத்தை அவர் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் எங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்து, தனக்குத்தான் பழக்கமில்லை என்றார்.

ஏணியிலிருந்து இறங்கியதும் ஜொஹரா சொன்னார்: "பாத்தீங்களா சார், தப்பு நம்ம தப்பு. கூச்சப்படுதது அவரு."

அன்று பட்டறையில் எனக்காகக் குளிர்ந்த தண்ணீர் வாங்கிவரச் செய்திருந்தார்கள். நான் என் பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தேன். ஜொஹரா அதைப் பார்த்தார். தம்ளரை எடுத்து அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார்.

வட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தோம். தலைமை அலுவலகத்துக்குக் காட்டியபோது அந்தப் பட்டறையின் படத்தைப் போட்டு, நான் நேரில் போய்க் கண்டறிந்ததாகச் சொன்னேன். கைதட்டினார்கள். ஜொஹரா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் பொறியாளர்களில் ஒரு கட்சி உண்டு. இயங்குதளம் எப்படி வந்ததோ அப்படியே விற்க வேண்டும், நாம் எதற்கு அதில் கை வைக்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஜொஹரா அவர்கள் பக்கம்தான் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் பேசவில்லை. அழைப்பவரின் பெயரைத் தமிழில் உரக்கச் சொல்லும் வசதியை நாங்கள் சேர்த்திருந்தோம். தன் தெருவில் எழுத்துத் தெரியாத எத்தனை பெண்கள் அதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று விவரமாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "வந்தபடியே விட்டா அவங்களுக்கு யாரு சார் செய்வா? மாத்துங்க. ஆனா மாத்துனா, இன்னாருக்காக மாத்துனோம்னு ஒரு ஆளக் காட்டணும். காட்ட முடியலன்னா கைய வைக்கப்படாது" என்றார். இந்த விஷயத்தைப் பற்றி அதன் பிறகு எவ்வளவோ கூட்டங்களில் எவ்வளவோ கேட்டுவிட்டேன். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

அடுத்த மாடலுக்கு, பேட்டரி இரண்டு நாள் நிற்கும் என்று பெட்டியிலேயே அச்சடித்துவிட்டார்கள். அதை உண்மையாக்கும் வேலை எங்கள் தலையில் விழுந்தது. கொஞ்ச நேரம் தொடாத ஆப்களைத் தூங்கவைக்கும் ஒரு ஏற்பாட்டைச் செய்தோம். பேட்டரி சொன்னபடி இரண்டு நாள் நின்றது. ஆனால் தூங்கிய ஆப்கள் சில நேரம் எழவில்லை. மாத்திரை சாப்பிட நினைவூட்டும் ஆப் ஒன்று மூன்று நாள் தொடர்ந்து அடிக்கவில்லை என்று ஜொஹரா கண்டுபிடித்தார். எங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு குறைக்கும் ஒரு நிறம் உண்டு. சிவப்பு என்றால் அதைச் சரி செய்யாமல் போன் வெளியே போகக் கூடாது. மஞ்சள் என்றால் விற்ற பிறகு அப்டேட்டில் சரி செய்துகொள்ளலாம். ஜொஹரா சிவப்புப் போட்டார்.

விற்பனைக்கு முந்தைய நாள், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் திரும்புவதற்கு முன்னால், என் இருக்கையில் உட்கார்ந்து அதை நான் மஞ்சளாக மாற்றினேன். தலைவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. மாற்றியது யார் என்று அந்தப் பதிவேடு காட்டாது. முதலில் எழுதியவர் பெயர் மட்டும்தான் நிற்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். இரண்டு வாரத்தில் சரி செய்துவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து, அந்த அப்டேட் இன்னும் போகாமலிருந்தபோது, உல்லாஸ்நகரிலிருந்து ஒரு பெண்மணி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கணவருக்கு வலிப்பு நோய். மாத்திரைக்கு எங்கள் போனைத்தான் நம்பியிருந்தார். போன் அடிக்காமல் இரண்டு நாள் மாத்திரை தவறி, ஸ்டேஷன் படிக்கட்டில் வலிப்பு வந்து உருண்டு, தோள்பட்டை நொறுங்கியிருந்தது.

விசாரணைக் கூட்டத்தில் அந்தப் பதிவைத் திரையில் போட்டார்கள். மஞ்சள். பக்கத்தில் ஜொஹராவின் பெயர். இதைப் போகவிட்டது யார் என்று மேலாளர் கேட்டார். ஜொஹரா எனக்கு நேர் எதிரே இருந்தார். என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, நான் பேசப் போகிறேன் என்று காத்திருப்பதுபோலத்தான் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜொஹரா, அது தன் பெயரில்தான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மாதக் கடைசியோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. அவர் மேஜையைக் காலி செய்த அன்று நான் புனேவில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன்.

அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது.

இரண்டு வருடம் கழித்து அவரைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன் என்று நம்புகிறேன். தாராவியில் ஒரு துணிக்கடையின் முன்பகுதியில் ஒரு மேஜை, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல். புதுப் போன் வாங்கியவர்கள் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். வேண்டாததை நீக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, ஆப்களைத் தூங்கவைக்கும் ஏற்பாட்டை நிறுத்தித் திருப்பிக் கொடுப்பார். வந்தவற்றில் பெரும்பாலானவை எங்கள் போன்கள். நாங்கள் செம்பூரில் செய்ததை அவர் இங்கே ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். என் முறை வந்தபோது பையில் இருந்த என் அம்மாவின் போனை எடுத்து நீட்டி, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன்.

அவர் அதைச் சரி செய்துகொண்டே கேட்டார்: "சார், அந்த உல்லாஸ்நகர் ஆளு இப்ப எப்படி இருக்காரு?"

எனக்குத் தெரியாது. நான் விசாரித்ததே இல்லை. அவருடைய பெயர்கூட எனக்கு நினைவில்லை.

"தோள் சேந்துட்டு. ஆனா எடது கைய முழுசாத் தூக்க முடியல. சைக்கிள் கடை வச்சிருந்தாரு, இப்ப மச்சான் பாக்காரு" என்றார். ஜொஹரா அங்கே போயிருந்தார். வேலை போன அடுத்த வாரமே ரயிலேறிப் போய், அந்த வீட்டில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்மணிக்குச் சாதாரண அலாரத்தை மூன்று வேளைக்கும் வைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகும் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறார்.

நீங்கள் ஏன் மன்னிப்புக் கேட்டீர்கள், நீங்கள் சிவப்புத்தானே போட்டீர்கள் என்று கேட்டேன். அதையாவது கேட்டேன். அவர் போனைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

"சிவப்புத்தான் போட்டேன். மறுநாள் காலையில மஞ்சளா இருந்ததப் பாத்தேன். யாரு மாத்திருப்பான்னும் தெரியும். கேட்டா வேல போயிருமோன்னு பயந்து வாயத் தொறக்கல. அப்ப என் பேரு அங்க இருக்கது சரிதான சார்?"

பதில் சொல்ல எனக்கு அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. நான் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டேன். போய்விட்டு வருகிறேன் என்றேன். "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரின் போனைக் கையில் எடுத்தார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கடைசி நாளில் அந்த மேஜையின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்திருக்கிறார். மருத்துவமனைக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை.

செய்தியைப் பார்த்த மறுநாள் ஜொஹராவின் வீட்டுக்குப் போனேன். காதர் பாய் ஒரு தையல் பட்டறை வைத்திருக்கிறார். மகள் ரிஸ்வானா பத்தாம் வகுப்பு. காதர் பாய் எனக்கு நாற்காலி போட்டார். உம்மாவின் பழைய ஆபீஸ் சார் வந்திருக்கிறார் என்று மகளைக் கூப்பிட்டு ஹிந்தியில் சொன்னார். என் எண்ணை ஜொஹராவின் போனில் பார்த்துத்தான் செய்தி அனுப்பியதாகச் சொன்னார். பேச்சோடு பேச்சாக, "ஆபீஸ்ல ஏதோ தப்பு பண்ணிட்டேன், ஒரு மனுஷன் கையே போச்சுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா சார். கடைசி வரைக்கும் அது அவ மனசுல கெடந்துச்சு" என்றார்.

அப்போது சொன்னேன். நான் செய்ததையும், கூட்டத்தில் பேசாமல் இருந்ததையும், புனே என்று பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"இத அவகிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன்.

அவர் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். அப்புறம், "எழுதிக் குடுங்க சார்" என்றார். "எம் மக தன் உம்மா தப்பு பண்ணுனான்னுதான் நினைச்சுக்கிட்டு இருக்கா. நான் சொன்னா, உம்மாவ விட்டுக் குடுக்காமப் பேசுதேன்னு நினைப்பா. நீங்க எழுதணும். அவளுக்குத் தமிழ் கேட்டாப் புரியும், வாசிக்க வராது, நான் வாசிச்சுக் காட்டுதேன்."

நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. வரும்போது என்ன வந்தாலும் அது எனக்கு உரியதுதான். ஜொஹராவின் போனில் இருந்த முகவரியைக் காதர் பாயிடம் வாங்கிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை உல்லாஸ்நகருக்குப் போனேன். அந்த மனிதரின் பெயர் ஹரீஷ். நான் யார் என்று சொன்னதும் அவர் மனைவி கதவை முழுவதும் திறக்கவில்லை. மறுபடியும் போக வேண்டும்.

ஜொஹராவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வீட்டு முகவரிதான். மன்னிப்பு என்று ஒன்றை அவர் தந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை.

ரிஸ்வானா, உன் வாப்பா இதை உனக்கு வாசித்துக் காட்டுவார். உன் உம்மா சிவப்புத்தான் போட்டார். அதை மாற்றியவன் நான்.