வெள்ளிக்கிழமை பத்தரை மணி

கடற்கரையில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறவனின் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வரும். வெயிலில் திரையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. விசைப்பலகைக்குள் மணல் போனால் அன்றோடு சரி. படம் எடுத்து முடிந்ததும் அவனும் அறைக்குத் திரும்பி, ஜன்னலைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் வேலை செய்திருப்பான். ஐந்து வருடமாக நானும் நாலைந்து நாட்டுச் சுவர்களை அப்படிப் பார்த்து உட்கார்ந்தவன்தான்.

என் வேலை என்னவென்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆஸ்திரேலியாவில் நாய்களுக்கு மெத்தையும் உணவும் கழுத்துப்பட்டியும் விற்கிற ஓர் இணையக் கடைக்கு வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது. மெத்தை சின்னதாக வந்துவிட்டது, நிறம் படத்தில் இருந்த மாதிரி இல்லை, எங்கள் நாய் அதில் படுக்க மாட்டேன் என்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது பேரிடம் மன்னிப்புக் கேட்பேன். இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் திகனவில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலைதான். ஆனால் எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று அவர்கள் சொன்னதும் எனக்குக் கால் நிற்கவில்லை. என் அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்குப் போவதையே பயணம் என்று சொன்னவர்கள். நான் உலகத்தையே சுற்றிவிடுவது என்று பெட்டியைக் கட்டினேன்.

சுற்றினேன், இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் பாஸ்போர்ட்டை அதிகம் முறைத்துப் பார்க்காமல் உள்ளே விடுகிற நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், ஜோர்ஜியா. அடுத்தது எந்த ஊர் என்பதை என் ஆசை தீர்மானித்ததில்லை. விசா முடிகிற தேதிதான் தீர்மானித்தது. புது ஊரில் இறங்கியதும் மற்றவர்கள் கோட்டை எங்கே, சந்தை எங்கே என்று தேடுவார்கள். நான் பிளக் எங்கே இருக்கிறது, கதிரை முதுகைத் தாங்குமா, வைஃபை மழையில் நிற்குமா என்று தேடுவேன். ஹனோயில் மூன்று மாதம் இருந்தேன். அந்த ஊர் எப்படி என்று கேட்டால், பக்கத்து வீட்டில் நாள் முழுக்கச் சுவர் இடித்தார்கள் என்பதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நேரம் இன்னொரு தொல்லை. நான் இருக்கிற ஊரின் நேரம் ஒன்று, கடைக்காரர்களின் நேரம் ஒன்று, ஊரில் இருக்கிற தங்கச்சியின் நேரம் ஒன்று. மூன்றையும் மனதுக்குள் கூட்டிக் கழிப்பது முதல் வருடத்திலேயே அலுத்துப்போனது. பிறகு எல்லாவற்றையும் போனின் நாட்காட்டியில் போட்டுவிட்டு மறந்துவிடப் பழகினேன். அது மணி அடித்தால் எழுவேன், பேசுவேன், சாப்பிடுவேன். வெளியே பகலா இரவா என்று பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன்.

அப்பா அம்மா இப்போது இல்லை. எனக்கென்று இருப்பது அந்தத் தங்கச்சி ஒருத்திதான். பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை, கணவருக்குக் கண்டி டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை, திகனவில் வாடகை வீடு. ஒரே மகள். அவள் பிறந்தபோது நான் தாய்லாந்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பார்ப்பேன். அவளுக்கு என் பெயர் போன் மாமா.

எங்கள் ஆட்களில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். ஒற்றைப்படை வயதில் செய்ய வேண்டும். முதல் வயதில் செய்யலாம் என்றபோது நான் வரவில்லை. விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பிவரவில்லை என்று காரணம் சொன்னேன், அது உண்மையும்கூட. இப்போது மூன்றாம் வயது நடந்துகொண்டிருந்தது. ஜோர்ஜியாவில் ஒரு குளிர்ந்த அறையில் நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது தங்கச்சி பேசினாள்.

"அண்ணே, இந்தத் தடவையும் நீங்க வரலைன்னா நான் புள்ளய யார் மடியில வைக்கிறது? வேலைக்குப் போற எடத்துல எல்லாம் கேக்குறாங்க, ஏன் இன்னும் காது குத்தலைன்னு. எங்க அண்ணன் வருவாரு, வருவாருன்னு சொல்லி எனக்கே வெக்கமா இருக்கு."

"கட்டாயம் வர்றேன்மா. நாளச் சொல்லு."

"அடுத்த மாசம் மொத வெள்ளி. காலையில ஒம்பது மணி. ஐயர்கிட்ட கேட்டாச்சு."

அவள் சொல்லச் சொல்லவே போனில் போட்டேன். காது குத்து, வெள்ளி, காலை ஒன்பது மணி. அழைப்பிதழையும் படமாக அனுப்பினாள். அதைத் திறக்காமலே ஓர் இதயத்தைத் தட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை திகன வந்து சேர்ந்தேன். வாசலில் என்னைக் கண்டதும் பிள்ளை அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தது. பிறகு அம்மாவின் போனை எடுத்து வந்து, "போன் மாமாவக் காட்டு" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சுருக்கென்றிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இவள் என் மடியில் உட்கார வேண்டும் என்பது எனக்கு ஒரு பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. புதன்கிழமை ஒரு பிஸ்கட்டுக்காகப் பக்கத்தில் வந்தாள். வியாழக்கிழமை மாலை, நான் தரையில் உட்கார்ந்திருந்தபோது, தானாக வந்து மடியில் ஏறி என் சட்டைப் பொத்தானை இழுத்து விளையாடிவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். நான் அசையவில்லை. கால் மரத்துப்போயும் அசையவில்லை. இவ்வளவு காலம் எதற்காக ஊர் ஊராக அலைந்தேன் என்று அப்போது எனக்கு அழுகை வந்தது.

அதே மாலைதான் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. மறுநாள் கூட்டம், எங்களில் யாரை வைத்துக்கொள்வது என்று பேசப் போகிறார்கள், எல்லோரும் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் நேரத்துக்குக் காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை. நாட்காட்டியைப் பார்த்தேன். எட்டரைக்குக் கூட்டம், பத்தரைக்குக் காது குத்து. நடுவில் ஒரு மணிநேரம் இருக்கிறதே என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

தங்கச்சி வீட்டில் சிக்னல் வரும், போகும். அதனால் டவுனில், வாவிக்கு மேலே மேட்டில் இருக்கிற ஒரு காப்பிக் கடைக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற இடம், இணையம் நன்றாக இருக்கும். காது குத்து நடக்கிற கோயில் அங்கிருந்து பத்து நிமிட நடை. காலை ஆறரைக்கு நான் புறப்படும்போது தங்கச்சி அடுப்படியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் வேலையாண்ணே?"

"ஒரே ஒரு மீட்டிங். கோயில் பக்கத்துலதான் இருப்பேன். முடிச்சிட்டு நேரா வந்துருவேன்."

"நேரம் தெரியும்தானே?"

"போன்ல போட்டு வச்சிருக்கேன். நீ கவலப்படாத."

வாசலில் முன்கடை நானா வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் மனிதர். அவர்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கச்சியும் அப்படியே கூப்பிடுவாள். பிள்ளை நடை பழகியது அவர் கடை வாசலில்தான் என்று சொல்லியிருக்கிறாள். எல்லோரையும் கோயிலுக்குக் கூட்டிப்போவது அவர் பொறுப்பு. "ஜும்மாவுக்கு முந்தி வந்துரலாம் தம்பி, எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றார்.

காப்பிக் கடையில் மூலை மேசையைப் பிடித்தேன். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சரிகை வேட்டி. கமெராவில் நெஞ்சு வரைக்கும்தான் தெரியும் என்பது இந்தத் தொழிலில் எங்களுக்கு ஒரு வசதி. கோயிலுக்குப் போய் உடுப்பு மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்திவிட்டேன் என்று என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். போனைச் சத்தம் போடாதபடி செய்து கவிழ்த்து வைத்தேன்.

கூட்டத்தில் எனக்கு முன்னால் ஆறு பேர் பேசினார்கள். ஒன்பது மணிக்குக் கொஞ்சம் பிறகு என் முறை வந்தது. நாய் மெத்தைகளைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கோயில் மணி ஒலித்தது. விடாமல் அடித்தார்கள். திரையில் இருந்த நாய்மெத்தைக் கடையின் மேலாளர் அம்மா சிரித்து, அது என்ன, அழகாக இருக்கிறதே என்று கேட்டார். பக்கத்தில் ஒரு கோயில், தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்றேன். எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து தொடர்ந்தேன்.

ஒன்பதரைக்குக் கூட்டம் முடிந்தது. என்னை வைத்துக்கொள்வார்கள் என்றுதான் தோன்றியது. இன்னும் ஒரு மணிநேரம் இருந்ததால் ஒரு தேநீர் சொன்னேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் மூன்று முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதினேன். பிறகுதான் போனைத் திருப்பிப் பார்த்தேன். பதினேழு அழைப்புகள். பதினாறு தங்கச்சியுடையது, ஒன்று மச்சானுடையது. கடைசியாக வந்தது ஒன்பது பத்துக்கு.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சரிவில் ஓடினேன். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நேரம் தவறியிருக்கும் என்று எனக்குக் கடைசிவரை தோன்றவே இல்லை.

கோயிலின் பக்க மண்டபத்தில் விரித்த பாயில் வெற்றிலையும் பழத்தோலும் கிடந்தன. பத்தர் தன் ஊசியையும் கிண்ணத்தையும் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை நானாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. நான் ஜோர்ஜியாவிலிருந்து பத்திரமாகச் சுமந்து வந்து முந்தின நாள் தங்கச்சியிடம் கொடுத்த தோடுகள் அதில் இருந்தன.

"மன்னிச்சிக்கோங்க தம்பி" என்று நானாதான் முதலில் பேசினார். "ஒங்களத்தான் பார்த்துட்டு நின்டோம். ஐயர் நேரம் போகுது என்டு சொல்லிட்டார். நான் வெளியில வேன்லதான் இருந்தேன். தங்கச்சி வந்து, நானா நீங்க வந்து ஒக்காருங்க என்டு அழுதா."

"ஒம்பதே காலுக்கு மேல காக்க ஏலாதுன்னுட்டாங்க" என்றார் மச்சான். "அடுத்து வேற குடும்பத்து விசேஷம் இருக்காம். பொறகு ராகுகாலம் வேற."

நான் ஒன்றும் புரியாமல் போனை நீட்டினேன். பாருங்கள், பத்தரை என்றுதானே இருக்கிறது என்று காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே விளங்கிவிட்டது. ஜோர்ஜியாவில் இருந்துகொண்டு ஒன்பது என்று போட்டதை, போன் ஜோர்ஜியாவின் ஒன்பதாக எடுத்துக்கொண்டிருந்தது. ஊருக்கு வந்து இறங்கியதும் எங்கள் நேரத்துக்கு மாற்றி, பத்தரை ஆக்கிவிட்டது. போன் மேல் ஒரு பிழையும் இல்லை.

பிழை என்மேல்தான். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகுகாலம் தொடங்கும் என்பது எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அம்மா அந்த நேரத்தில் கடைக்குக்கூட எங்களை அனுப்பமாட்டார். அந்த நேரத்தில் யாராவது காது குத்துவார்களா? ஒரு மாதமாக அந்த நாட்காட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். வியாழன் மாலை பத்தரை என்ற எழுத்தை நேருக்கு நேர் பார்த்தேன், பார்த்து நிம்மதியும் பட்டேன். எனக்கு உறைக்கவே இல்லை. விமான நிலையங்களில் எத்தனையோ மணிநேரம் தூங்காமல் கிடந்திருக்கிறேன், அப்போதெல்லாம் வராத ஓர் அசதி அந்த மண்டபத்தில் வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையிடம் கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் என் மடியில் தூங்கியவள்தான். நானாவின் சட்டைக் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தை மறுபக்கம் திருப்பினாள். நானாவுக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "மாமாட்டப் போங்கம்மா" என்று அவளைத் தட்டிக்கொடுத்தார். அவள் போகவில்லை.

தங்கச்சி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நான் கிட்டே போய் நின்று, மன்னிச்சிரும்மா என்றேன். ஒரு நாளைக்கு ஐம்பது முறை எழுதுகிற அந்தச் சொல் என் வாயில் எந்தப் பாரமும் இல்லாமல் வந்தது எனக்கே கேட்டது. அவள் கடலை இருந்த தூக்குச்சட்டியை மூடினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"நீங்க அங்கயே இருந்திருக்கலாம்ணே" என்றாள். "வீடியோவுலயாச்சும் நேரத்துக்கு வந்திருப்பீங்க."

வந்திருப்பேன். வீடியோ என்றால் ஊர் நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் போனில் போட்டிருப்பேன், ஒரு நிமிடம்கூடப் பிந்தியிருக்க மாட்டேன்.