ருஷெனா திரும்பி நின்ற ஆட்டம்

கமெனோவ் ஊரில் ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்கள் என்று தேடினால் இரண்டே பேர்தான் அகப்படுவார்கள். ஒருவர் கறிக்கடை ருஷெனாவின் புருஷன் யாரோமிர். ஆட்டம் நடக்கிற மாலைகளில் அவர் தேனீப்பெட்டிகளுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் ருஷெனாவேதான். இத்தனைக்கும் அவள் இருபது வருஷமாக ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை.

விஷயம் இதுதான். கோல் வலைக்குப் பின்னால் நின்றபடியே கத்துகிற கூட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் கொப்பரை என்று பெயர். கொதிக்கிற இடம், வேறென்ன சொல்வது. கொப்பரைக்கு முன்னால் ஒரு சின்ன மேடை. அதில் மேளத்தோடு நிற்பவர் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், பனித்தளத்தைப் பார்த்தல்ல. கூட்டம் சோர்ந்தால் கிளப்பிவிட வேண்டும், தாளம் பிசகினால் இழுத்துப் பிடிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க நேரம் கிடையாது. அதனால் ருஷெனாவுக்கு எங்கள் காட்டுப்பன்றிகள் அணி போட்ட கோல் எதுவும் கண்ணால் பார்த்துத் தெரியாது. எதிரே நிற்கும் முகங்களைப் பார்த்துத்தான் தெரியும். வாய் பிளந்தால் ஆடுகிற ரப்பர் வட்டு நம்மிடம் இருக்கிறது, தலையில் கை போனால் கோல் கம்பத்தில் பட்டுவிட்டது, நிலத்தைப் பார்த்தால் கோல் வாங்கிவிட்டோம்.

பகலில் பன்றி வெட்டுகிறவள், மாலையில் பன்றிகளுக்காக மேளம் அடிக்கிறாள் என்று ஊரில் கேலி பேசாத ஆளில்லை. அவளும் சளைத்தவளா என்ன. "வெட்டுறப்ப எனக்குத் தெரியும், எதுல கொழுப்பு எதுல சதைன்னு. உங்களுக்குத்தான் ரெண்டும் ஒண்ணு" என்பாள். அகலமான தோள், சிவந்த கை, ஐம்பதைத் தாண்டிய வயது. பழைய மேளக்காரர், வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனபோது, யார் அடிப்பது என்று ஆண்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ருஷெனா கோட்டைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டு மேடை ஏறினாள். ரெண்டு நெடில், மூணு குறில். அன்று பிடித்த தாளம்தான், இன்றைக்கும் அதுதான்.

இந்த வருஷம் ஆரம்பத்தில் பத்திரிகைக்காரர்கள் எங்களை முதல் நான்கு இடத்துக்குள் வைத்திருந்தார்கள். அணி முதலாளி கொள்ளைப் பணம் கொடுத்து ஃபின்லாந்திலிருந்து ஒரு தாக்குதல் ஆட்டக்காரனை இறக்கினார். அவன் வந்த மூன்றாம் ஆட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், குளிர்காலம் முழுக்க நீராவிக் குளியலில்தான் இருந்தான். பயிற்சியாளரை மாற்றினார்கள். மாற்றாக வந்தவரையும் மாற்றினார்கள். நவம்பரில் ஒரு நாள், எதிரணிக்காரன் ஆள் மாற்றிக்கொள்ளப் போகிற போக்கில் நடுக்கோட்டிலிருந்து சும்மா தட்டிவிட்ட வட்டு, உருண்டு உருண்டு வந்து எங்கள் கோல்கீப்பர் வீத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து வலைக்குள் போனது. நாடே அதைக் கைபேசியில் பார்த்துச் சிரித்தது. அதற்குப் பிறகு அந்தப் பையனுக்கு எதுவும் கைகூடவில்லை. எங்களுக்கும்தான்.

கிறிஸ்துமஸுக்குள் கடைசி இடம். மார்ச்சிலும் அதே இடம். கடைசியில் நிற்கும் அணி, கீழ்ப்பிரிவில் முதலில் வந்த அணியோடு மோத வேண்டும். முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவர்களுக்கு மேல்பிரிவு, மற்றவர்களுக்குக் கீழே. ஆளுக்கு மூன்று ஜெயித்து, கடைசி ஆட்டம் சனிக்கிழமை எங்கள் ஊரில் என்று ஆகிப்போனது.

அந்த வாரம் கறிக்கடையில் கறி வாங்கியவர்களைவிடக் கருத்துச் சொன்னவர்கள் அதிகம். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் கோஸ்ட்கா நூறு கிராம் பன்றித்தொடைக் கறிக்கு ஒரு மணி நேரம் நிற்பார்.

"ஏம்மா ருஷெனா, சனிக்கிழமைக்கு அப்புறம் அந்தப் பயலுவள இங்கயே கொண்டாந்துரு. எடைக்குப் போட்டாலாவது நாலு காசு தேறும்."

"உங்களப் போட்டா எலும்புதான் தேறும் கோஸ்ட்கா ஐயா. மெல்லிசா சீவவா, தடிமனாவா?"

"மெல்லிசா. அந்த வீத் பய தடுக்கிற மாதிரி, காத்து பூந்து போற அளவுக்கு."

வரிசை சிரித்தது. அப்போதுதான் கதவு மணி கிணுங்கியது. வீத் உள்ளே வந்தான். இருபத்து மூன்று வயது, கழுத்தில் மயிலிறகு நிறச் சால்வை, கண்ணுக்கடியில் கருப்பு. சிரிப்பு அறுந்தது. கோஸ்ட்கா கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஈரல் சாசேஜை முதன்முறை பார்ப்பவர் போலப் பார்க்கத் தொடங்கினார். முகத்துக்கு நேரே சொல்ல ஆளில்லை, முதுகுக்குப் பின்னால் மட்டும் ஊரே இருந்தது. ருஷெனாவுக்கு அதுதான் எரிச்சல் மூட்டியது.

வரிசை கலையும் வரை அவன் காத்திருந்தான். அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அத்தை, சனிக்கிழமை தோத்துட்டா நாங்க கொப்பரை முன்னாடி வரணுமா?"

ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் கொப்பரை முன் வந்து வரிசையாக நின்று தலை வணங்குவது எங்கள் வழக்கம். வென்றால் ஆட்டமும் பாட்டும். தோற்றால் சும்மா நிற்பார்கள், நாங்களும் கைதட்டி அனுப்புவோம். வராமல் உடைமாற்றும் அறைக்கு ஓடிய அணியை இந்த நாட்டில் யாரும் மறப்பதில்லை.

"வரணும்" என்றாள் ருஷெனா.

"கத்துவாங்க."

"கத்தட்டும். காசு குடுத்து வந்தவன் கத்தத்தான் செய்வான்."

"எனக்கு அவங்க மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்ல அத்தை."

"அப்ப என் முதுகப் பாரு. பெரிய முதுகுதான, அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கலாம்." கறியைப் பொட்டலம் கட்டி அவன் பக்கம் தள்ளினாள். "கடைசி ஆளு பனிய விட்டு இறங்குற வரைக்கும் நான் அடிப்பேன். நீ வந்து நில்லு, அது போதும்."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். வாக்குக் கொடுத்தாயிற்று. கொடுத்தபோது அவளுக்கு அது பெரிதாகவே படவில்லை, இருபது வருஷமாகச் செய்கிற காரியம்தானே.

வெள்ளிக்கிழமை பீர்க்கடையில் ரசிகர் சங்கம் கூடியது. தலைவன் ரதீம் ஓடு பதிக்கிற வேலைக்காரன். நல்லவன். எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வண்டியெடுத்துப் போகிறவன். இந்த வருஷம் அப்படிப் போய்ப் போய்த் தோல்வியைத்தான் சுமந்து வந்தான். பொறுத்துப் பொறுத்து அவனுக்கு வயிறு எரிந்துபோயிருந்தது.

"நாளைக்குத் தோத்தா, மேளம் கிடையாது, கைதட்டு கிடையாது" என்றான். "சங்கு ஊதினதும் நான் கைய தூக்குவேன். எல்லாரும் திரும்பி நிக்கணும். சட்டையக் கழட்டிப் பனியிலயே வச்சுட்டுப் போகச் சொல்லுவோம். அந்தச் சட்டையப் போட அவனுங்களுக்கு யோக்கியதை இல்ல."

மேசைகள் தட்டப்பட்டன. ருஷெனா தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் அடிக்கிறேன்னு ஒரு ஆளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் ரதீம்."

"யாருக்கு?"

"யாருக்குன்னு உனக்கு எதுக்கு. வாக்கு வாக்குதான்."

"அந்த ஓட்டைக்காலனுக்கா? ருஷா, உன் மேல எல்லாருக்கும் மரியாதை இருக்கு. ஆனா மேளம் சங்கத்தோடது. நாளைக்கு நீ அடிச்சா, அந்த மேடையில நீ ஏறுறது அதுதான் கடைசி."

அந்த மேடை இல்லாத சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனாலும் பீரைக் குடித்து முடித்துவிட்டு, காசை வைத்துவிட்டு, எல்லாருக்கும் ராத்திரி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள். தலை குனிந்து வெளியே போனாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வீட்டில் யாரோமிர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மேளத்தப் புடுங்கிட்டா என்ன பண்ணுவ?" என்றார்.

"மொதல்ல ஜெயிக்கிறாங்களான்னு பாப்போம்."

"ஜெயிக்க மாட்டாங்கன்னு எனக்கே தெரியுது. நான் தேனீ வளக்கிறவன்."

"உன் தேனீயும் இந்தக் குளிர்ல பாதி செத்துச்சு. பெட்டியத் தூக்கித் தெருவுல போட்டியா?"

யாரோமிர் தாடையைச் சொறிந்தார். பிறகு அவளுக்குச் சூப்பைச் சூடு பண்ணி எடுத்து வந்தார்.

சனிக்கிழமை அரங்கில் எள் விழ இடமில்லை. ருஷெனா அடித்த அடியில் கூரைத் தகரம் அதிர்ந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் அங்கே இருந்தேன். எங்கள் பையன்கள் அந்த வருஷமே ஆடாத ஆட்டத்தை அன்று ஆடினார்கள். காலம் கடந்த புத்திதான், ஆனாலும் ஆடினார்கள். ஒன்றுக்கு ஒன்று. கடைசிப் பகுதியில் எதிரணி அலை அலையாக வந்தது. கொப்பரை முகங்கள் திரும்பத் திரும்ப மூச்சைப் பிடித்து விடுவதைப் பார்த்து, வீத் தடுக்கிறான் என்று ருஷெனாவுக்குப் புரிந்தது. மறுபடி தடுக்கிறான். மறுபடியும். கோஸ்ட்காகூட, அவர் உட்காரும் வரிசையை விட்டு எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தினார்.

அப்புறம் எல்லா முகங்களும் ஒரே சமயத்தில் நிலத்தைப் பார்த்தன.

யார் அடித்தது, எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. மேளத்தை நிறுத்தவும் இல்லை. மிச்சமிருந்த நேரம் அதன் போக்கில் கரைந்தது. சங்கு ஊதியது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு கமெனோவ் கீழே இறங்கியது.

ரதீம் கையைத் தூக்கினான். கொப்பரை முழுக்கத் திரும்பியது. ருஷெனாவுக்கு எதிரே இப்போது ஒரு முகம்கூட இல்லை, முதுகுகளும் கழுத்துகளும்தான். தினம் கடையில் பார்க்கிற கழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லுவாள். சட்டையைக் கழட்டு, சட்டையைக் கழட்டு என்று அவை சுவரைப் பார்த்துக் கத்தின. அவளுக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷம் யாருடைய முகத்தை நம்பி அடித்தாளோ அந்த முகங்கள் காணாமல் போனதுதான் வலித்தது.

ஒரு கணம் யோசித்தாள். பிறகு மேளத்தின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு, அவளும் திரும்பினாள்.

ரதீம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். "என்ன பண்ற நீ?"

"எல்லாரும் திரும்பணும்னு சொன்னியே. திரும்பிட்டேன்."

அவள் முன்னால் பனித்தளம் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடந்தது. இவ்வளவு பெரிதா இது என்று நினைத்தாள். நீலக் கோட்டருகே பையன்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். கிட்டே வரவும் பயம், ஓடவும் பயம். தலைக்கவசம் கழற்றிய தலைகளில் ஆவி பறந்தது. எத்தனை சின்ன முகங்கள். வாசகம் எழுதிய துணிகளிலும் சுவரொட்டிகளிலும் ராட்சதர்கள் போல இருந்தவர்கள் இவர்கள்தானா. ஒருவன் சட்டையின் ஓரத்தைப் பிடித்து மேலே இழுக்கத் தொடங்கியிருந்தான்.

ருஷெனா அடித்தாள். ரெண்டு நெடில், மூணு குறில்.

சட்டையை இழுத்தவன் கை நின்றது. வீத் நிமிர்ந்து பார்த்தான். முதுகு இருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அவள் முகம் இருந்தது. தாரைதாரையாகக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாக முன்னே சறுக்கி வந்தான். அவன் பின்னால் ஒருவர், அப்புறம் இன்னொருவர்.

அதற்குள் ரதீம் மேடை ஏறிவிட்டான். "சொன்னேன் இல்ல? குடு."

"எடுத்துக்க." அவளே வாரைக் கழற்றி மேளத்தை அவன் கையில் கொடுத்தாள், குச்சிகளையும் கொடுத்தாள். "பத்திரம், ஓரம் ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கு."

அவன் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ருஷெனா கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். எலும்பு உடைக்கிற கைகள். அந்த இரண்டையும் சேர்த்துத் தட்டினாள். அதே தாளம், மேளத்தைவிடச் சன்னமாக, ஆனால் பிசகாமல். பின்னால் கூச்சல் பெரிதாகத்தான் இருந்தது. அவள் தட்டுவது கண்ணாடித் தடுப்பைத் தாண்டிக் கேட்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வீத் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றான். சத்தம் கேட்காவிட்டால் என்ன, கண் இருந்தது. அவள் கைகளையே பார்த்தான். பார்த்துவிட்டு, தன் அகல மட்டையைத் தூக்கிப் பனியில் தட்டினான். ஆட்டக்காரர்கள் மனதாரப் பாராட்டுவது அப்படித்தான், அடிபட்டுக் களத்தை விட்டுத் தூக்கிச் செல்லப்படுகிறவனுக்கு மட்டை தட்டுவார்கள். ஒரு மட்டை, பத்து மட்டை, பிறகு எல்லா மட்டையும். ரெண்டு நெடில், மூணு குறில். பனி அதிர்ந்து அந்தச் சத்தம் மேடைக் கம்பிகள் வழியாக அவள் காலுக்குள் ஏறியது.

பின்னால் கூச்சல் தேய்ந்தது. திரும்பி நின்றவர்களில் எத்தனை பேர் மறுபடி திரும்பினார்கள், எத்தனை பேர் வீட்டுக்குப் போனார்கள் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியது முன்னால் இருந்தது. அடுத்த வருஷம் கீழ்ப்பிரிவில், மலைக் கிராமங்களில், கூரையில் ஓட்டை விழுந்த அரங்குகளில் இந்தப் பையன்கள் ஆடுவார்கள். அவளும் போவாள், மேளத்தோடோ மேளம் இல்லாமலோ. அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால், படிக்கட்டுப் பக்கமிருந்து மேளம் ஒலித்தது. நெடில் குறிலாகி, குறில் எங்கோ போய், கேட்கவே சகிக்காத அடி. யார் அடிப்பது என்று ருஷெனா திரும்பிப் பார்க்கவில்லை. ரதீமுக்குத் தாளம் வராது என்பது ஊருக்கே தெரியும்.